மணவறை ஏற்றிய மூக்கு வான்

என் பிரியாவிடைக் கூட்டத்தில் இரண்டு வார்த்தை கதைக்கச் சொன்னார்கள். நான் எங்கள் கடையில் இருந்த வாகனங்களின் வரலாற்றைத் தொடங்கி, முதலாவது வாகனத்தை முடித்து இரண்டாவதில் ஏறும்போது ஒலிவாங்கி செத்துப்போனது. அந்த ஒலிவாங்கியும் எங்களுடையதுதான், கலியாண வீடுகளுக்கு வாடகைக்குப் போவது. அதன் வயரை எந்த இடத்தில் அமத்தினால் சத்தம் நிற்கும் என்பது கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகையால் ஒருவரைக் குறிப்பிட்டுச் சந்தேகப்பட முடியவில்லை. "மிச்சத்தை எழுதித் தாங்கோ அண்ணை, ஆறுதலா வாசிக்கிறம்" என்றார்கள் இப்போது ஓட்டுகிறவர்கள். அடுத்ததாக வரப்போவது பற்றரியில் ஓடும் வானாம். அதற்கு முதல் நாங்கள் எதில் ஏறி மாய்ந்தோம் என்று அறிய ஆசையாம். ஆசையோ மரியாதையோ, கேட்டுவிட்டார்கள், நானும் எழுதிவிட்டேன்.

நான் மானிப்பாயில் ஒரு மணவறைச் சோடனைக் கடையின் சாரதி. கலியாணத்தில் பொம்பிளையும் மாப்பிள்ளையும் இருக்கிற, தூணும் வளைவும் அன்னமும் வைத்த சிறு மண்டபம்தான் மணவறை. அதைக் கழற்றி, கட்டி, ஏற்றி, குடாநாட்டின் எந்த மூலைக்கும் கொண்டுபோய் இறக்கிப் பூட்டிக் கொடுப்போம். சடங்கு முடிந்ததும் திரும்ப ஏற்றி வருவோம். இடைப்பட்ட நேரத்தில் சாரதிக்கு வேலை இல்லை. நான் சீற்றில் சாய்ந்து புத்தகம் வாசிப்பேன். ஒரு கலியாணம் என்பது என் கணக்கில் ஏறத்தாழ ஒரு நாவலின் பாதி. மாப்பிள்ளை பகுதி பிந்தி வந்தால் முழு நாவலும் முடியும். ஊரில் எனக்கு ஓரளவு படித்தவன் என்ற பெயர் இருந்தால் அதற்கு நேரம் தவறிய மாப்பிள்ளைமார்தான் காரணம்.

வாகனம் ஓட்டப் பழகியது பெற்றோல் கிடைக்காத காலத்தில். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல். அதைப் பற்றி விரிவாக எழுதினால் நான் பெரிய வீரனாகத் தெரிவேன். உண்மையில் அப்போது எல்லோருமே அப்படித்தான் ஓட்டினார்கள், எல்லோருக்குமே இருமல் இருந்தது.

என்னை வேலைக்கு எடுத்தவர் எங்கள் முதலாளி. மெலிந்த மனிதர், நெற்றி நிறைய விபூதி, தோளில் மடித்த சால்வை. வேலை கேட்டுப் போனபோது லைசென்ஸைக்கூட அவர் வாங்கிப் பார்க்கவில்லை. ஒரு செம்பில் விளிம்பு வரை தண்ணீர் நிறைத்து, லொறித் தட்டின் நடுவில் வைத்தார். "சண்டிலிப்பாய்ச் சந்தியைச் சுத்திக்கொண்டு வாரும்" என்றார். அந்த றோட்டில் அப்போது தாரை விடக் குழிதான் கூட. நான் மாட்டு வண்டிக்கு வழிவிட்டு, சைக்கிளுக்கு வழிவிட்டு, கடைசியில் ஒரு கோழிக்கும் வழிவிட்டுத் திரும்பி வந்தேன். செம்பில் பாதிதான் இருந்தது.

"பாதி ஊத்திப்போட்டுது முதலாளி."

"ஓம். போன கிழமை வந்தவர் செம்பையே விட்டிட்டு வந்தவர்" என்றார். அடுத்த நாள் வேலைக்குப் போனேன்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஏற்றும் முறை ஒன்று இருந்தது. அதில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. இறக்கும்போது முதலில் தேவைப்படுவது கடைசியாக ஏற வேண்டும். ஆகவே அன்னங்கள் முதலில் உள்ளே போகும், ஒன்றின் சொண்டு மற்றதில் முட்டாதபடி முதுகு காட்டி. பிறகு முன் வளைவு, பிறகு விதானம். தூண்கள் ஒவ்வொன்றும் பழைய பருத்திச் சேலையில் சுற்றப்பட்டுக் கிடையாகப் படுக்கும். நைலோன் சேலை கூடாது, தங்கப் பூச்சு வழுகிக்கொண்டு போய்விடும். அடித்தளப் பலகைகள் கடைசி. உச்சியில் வைக்கும் கலசம் மட்டும் தட்டில் ஏறாது. அது பூச்சோடனை செய்யும் ஜெயக்காவின் மடியில் வரும். செருப்போடு தட்டில் ஏறவே கூடாது.

"உதிலை நாங்கள் கொண்டு போறது பலகை இல்லைத் தம்பி, மற்றவையின்ரை நல்ல நாள்" என்பார் முதலாளி.

"அந்த நல்ல நாள் என்ரை தொடையிலை இடிக்குது, கொஞ்சம் மெதுவா எடுங்கோ" என்பார் ஜெயக்கா. அவர் என்னை விட மூத்தவர். வாயில் எப்போதும் ஒரு ஊசியும் பூக்கட்டும் நூலும் இருக்கும். அவற்றை எடுக்காமலே கதைப்பார்.

இத்தனை மரியாதையோடும் நாங்கள் ஏற்றிய லொறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சின் சாரதியின் இருக்கைக்கு நேர் கீழே. ஒரு கோடை முழுக்க அதை ஓட்டியவனுக்கு வீட்டில் யாரும் கோபித்து உறைக்காது. கதவு வெளிப்பக்கம் திறக்கும். எங்கள் ஒழுங்கைகளில் இரு பக்கமும் மதில் எழும்பிய பிறகு, கதவைத் திறந்தால் மதில், திறக்காவிட்டால் நான் உள்ளே. கண்ணாடி வழியாக இறங்கிய நாட்களும் உண்டு. மழைக்குப் படங்குச் சீலை மூட வேண்டும். எல்லாவற்றையும் விட, தட்டின் உயரம். என் நெஞ்சளவு. ஒவ்வொரு தூணையும் நெஞ்சுக்குத் தூக்கி உள்ளே தள்ள வேண்டும், நெஞ்சிலிருந்து இறக்க வேண்டும். இளமையில் அது உடற்பயிற்சி. நாற்பது தாண்டிய பிறகு அது வேறொன்று.

ஒரு நாள் நல்லூர்ப் பக்கம் விதானத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன், நிமிர முடியவில்லை. அப்படியே குனிந்தபடி நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் நான் வணங்குவதாக எண்ணித் திரும்பக் கும்பிட்டார். முதுகைப் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், "வேலை செய்யலாம், ஆனால் உயரத்துக்குத் தூக்கிற வேலை இனி வேண்டாம். தூக்கினால் படுக்கையிலைதான் கிடப்பீர்" என்றார். இதை வீட்டில் சொன்னேன். கடையில் சொல்லவில்லை. நெஞ்சளவு தூக்க முடியாதவனுக்கு எங்கள் கடையில் என்ன வேலை இருக்க முடியும்? பிள்ளைகள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். பலகையைத் தொடும்போது பல்லைக் கடித்தேன், தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். ஆரும் காணவில்லை என்று நம்பினேன்.

அந்தக் காலத்தில்தான் கொழும்பில் யப்பானிலிருந்து வந்திறங்கிய ஒரு வானைப் பார்த்தேன். முன்னுக்கு மூக்கு நீட்டியிருந்தது, எஞ்சின் அதற்குள். முன் சில்லு இழுத்து ஓடுவதால் பின் சில்லுக்குப் போகும் இரும்புத் தண்டு அடியில் இல்லை. தண்டு இல்லாததால் யப்பான்காரன் தட்டைத் தாழ்த்தி வைத்திருந்தான். என் முழங்கால் உயரம். பக்கக் கதவு இழுத்தால் பின்னோக்கி ஓடும், மதிலைத் தொடாது. முன் சீற்றை மடித்தால் தூண் சாரதியின் முழங்கை வரை நீளலாம். தரை முழுக்கக் கயிறு கட்ட வளையங்கள். கூரை உயரம், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். நான் அதற்குள் நிமிர்ந்து நின்றேன். வெளியே வர மனம் வரவில்லை.

முதலாளியிடம் எல்லா நன்மையையும் சொன்னேன். எண்ணெய் குறைவு, படங்கு வேண்டாம், ஒழுங்கைக்குள் போகும். முதுகைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூக்கு இருக்கே" என்றார்.

"ஓம் முதலாளி. எஞ்சின் மூக்குக்குள்ளை."

"எஞ்சின் காலடியிலை இருந்தால்தான் அதின்ரை மூச்சு எங்களுக்குத் தெரியும்."

"மூச்சு எனக்கு நல்லாத் தெரியுது முதலாளி. இருக்கேலாமல் கிடக்கு."

ஜெயக்கா வாயில் ஊசியோடு சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. ஆனால் வாங்கினார். ஒரு நிபந்தனையோடு: லொறியை விற்பதில்லை, கடைக்குப் பின்னால் படங்கு மூடி நிற்கட்டும். "ஒரு மாதம் பாப்பம். உது சரிவராட்டி அதையே எடுப்பம்." அந்த ஒரு மாதத்தில் என் மிச்ச உத்தியோகம் முழுவதும் இருந்தது. அது அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

வான் வந்த அன்று பூசை. சில்லுகளுக்குத் தேசிக்காய், முன்னுக்கு மாலை, கண்ணாடியில் விபூதி. பழைய லொறிக்கு முதலாளி தினமும் விடிய, முன் விளக்கு இரண்டிலும் சந்தனப் பொட்டு வைப்பார். புது வானின் விளக்குகள் ஒடுங்கிச் சரிந்து போயிருந்தன, பொட்டு நிற்கவில்லை. அவர் வானைச் சுற்றி வந்தார். பின் பம்பரில் வரிசையாக நாலு சின்ன வட்டங்கள். பெருவிரல் அளவு, நடுவில் சற்றுக் குழி. ஆரோ அளவெடுத்துச் செய்தது போல.

"உது என்னத்துக்குத் தம்பி?"

வானோடு வந்த கைந்நூல் முழுக்க யப்பான் எழுத்து. படங்கள் மட்டும் எங்களுக்கு. ஒரு படத்தில் அந்த வட்டத்தில் ஒரு கை விரலை வைத்துக்கொண்டிருந்தது. விரலில் ஏதோ துணி போலவும் இருந்தது. முதலாளி அதை நெடுநேரம் பார்த்தார். "அவையும் வைக்கிறவைதான் போலை" என்றார் திருப்தியோடு. அன்று தொடக்கம் தினமும் நாலிலும் பொட்டு வைத்தார். பார்க்க உண்மையாகவே வடிவாக இருந்தது. எங்களில் ஒருவருக்கும் வேறு யோசனை வரவில்லை.

முதல் சில ஓட்டங்கள் பெரிய மண்டபங்களுக்கு. முன்னுக்கு ஓட்டிப் போய் முன்னுக்கே ஓட்டி வந்தோம். குறை ஒன்றும் இல்லை. மாதம் முடிகிற கிழமையில் உடுப்பிட்டியில் ஒரு வீட்டுக் கலியாணம்.

வழக்கமாக முதல் நாள் பின்னேரமே மணவறையைக் கட்டிவிடுவோம். அன்று மழை விடவில்லை. விடியப் போனால் முகூர்த்தத்துக்கு முதல் கட்டி முடிக்கலாம் என்று கணக்குப் போட்டோம். விடிந்தபோது மழை தூறலாகியிருந்தது. முதலாளி விசேஷ நாள் என்பதால் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தார். அவர் மோட்டச்சைக்கிளில் பின்னால் வர, நானும் ஜெயக்காவும் கலசமும் முன்னால் போனோம்.

வீடு ஒரு ஒழுங்கையின் கடைசியில். இரண்டு பக்கமும் மதில், நடுவில் வான் போக மட்டும் இடம். உள்ளே திருப்ப முடியாது, பின்னுக்குத்தான் விட வேண்டும். பின் கதவு பந்தலுக்கு நேரே போய் நிற்கும், மழை படாமல் இறக்கலாம். இந்த வேலைக்காகவே யப்பானில் செய்தது போல இருந்தது. நான் பின் கியரைப் போட்டு மெல்ல விட்டேன்.

வான் ஒரு முழம் போனது. பிறகு யாரோ உள்ளிருந்து பிறேக்கை மிதித்தது போல நின்றது. உள்ளே ஒரு பெண் குரல் யப்பான் மொழியில் பணிவாக ஏதோ சொன்னது.

"ஆரது?" என்றார் ஜெயக்கா, கலசத்தை இறுக்கிப் பிடித்தபடி.

"வான்."

"என்னவாம்?"

"தெரியேல்லை அக்கா. ஆனால் மரியாதையாத்தான் சொல்லுது."

திரும்ப விட்டேன். திரும்ப நின்றது. பின்னால் ஒரு பூனைகூட இல்லை. கண்ணில் பட்ட பொத்தான்களை அமத்தினேன். பின் கண்ணாடி துடைப்பான் ஆடியது. இருக்கை சூடாகத் தொடங்கியது. அந்தப் பெண் இன்னும் பணிவாக இன்னும் நீளமாகப் பேசினார். "ஓம் பிள்ளை, ஓம், விளங்குது, கொஞ்சம் வழியை விடு" என்று ஜெயக்கா அவரோடு கதைக்கத் தொடங்கிவிட்டார்.

குடையோடு ஒருவர் ஓடி வந்தார். பொம்பிளையின் மாமா, கனடாவிலிருந்து கலியாணத்துக்கு வந்தவர். செலவும் அவசரமும் அவருடையது.

"என்ன இது? ஐயர் வந்து இருக்கிறார். பிள்ளை உடுத்து வெளிக்கிட்டு இருக்குது. மணவறை எங்கை?"

"வானுக்குள்ளை இருக்குது அண்ணை."

"வானுக்குள்ளையோ தாலி கட்டிறது?"

கையால் தூக்கிக்கொண்டு போகலாம்தான். ஆனால் ஒழுங்கை முழுக்கச் சேறு, மேலே தூறல். தங்கப் பூச்சும் பட்டும் நனைந்தால் அது மணவறையாக இராது. மோட்டச்சைக்கிளை விட்டுவிட்டு முதலாளி வந்து நின்றார். மாமா அவரிடம் திரும்பினார்.

"உங்களிட்டை பழைய லொறி ஒண்டு நிக்குதாம். அதைக் கொண்டு வந்து இதை மாத்தி ஏத்துங்கோ. உதுகள் எங்கடை ஒழுங்கைக்குச் சரிவராது எண்டு எனக்குக் கண்ட உடனை தெரியும்."

நான் ஸ்ரெயறிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா சொன்னது பிழை இல்லை. லொறி பின்னுக்குப் போகும். அதற்கு யப்பான் மொழி தெரியாது. முதலாளி 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். லொறி வரும், நான் எல்லாவற்றையும் நெஞ்சளவு தூக்குவேன், அல்லது தூக்க முடியாமல் எல்லோர் முன்னாலும் விழுவேன். இரண்டில் எது நடந்தாலும் அந்த மாதம் முடிந்தது, என் வேலையும் முடிந்தது.

முதலாளி சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"லொறியை மாத்தலாம்" என்றார் மெதுவாக. "உவரின்ரை முதுகை எங்கை மாத்திறது?"

மாமாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கண்ணாடியில் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. "ரெண்டு வருசமாத் தட்டைப் பிடிச்சுக்கொண்டுதான் நிமிருறார்" என்றார் மாமாவிடம், ஏதோ ஊர்ப் புதினம் சொல்வது போல. "அதுக்காகத்தான் உந்த வானை எடுத்தனான். கொஞ்சம் பொறுங்கோ."

மூக்கு பிடிக்காத மனிதர் மூக்கு வானை எதற்காக வாங்கினார் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். எண்ணெய் குறைவு, படங்கு வேண்டாம் என்று நான் அடுக்கிய எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாரே, அதை நினைக்க எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இறங்கிப் பின்னால் போனேன். கைந்நூலை எடுத்துக்கொண்டு ஜெயக்காவும் வந்தார். பம்பரின் நாலு வட்டத்திலும் சந்தனம், நாட்கணக்கில் காய்ந்ததன் மேல் அன்றைய ஈரம், தடிப்பாக. படத்தை மறுபடி பார்த்தேன். விரலில் இருந்தது துணியேதான். அந்தக் கை பொட்டு வைக்கவில்லை, துடைத்துக்கொண்டிருந்தது. வான் பின்னால் தடை இருக்கிறதா என்று பார்ப்பது அந்த வட்டங்களால். நாங்கள் அதன் முகத்துக்கு முன்னால் நாலு சுவர் எழுப்பியிருந்தோம். அது பாவம், ஒவ்வொரு முழத்துக்கும் 'முட்டப் போகிறோம்' என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

இது எனக்கு விளங்கியது பெரிய காரியம் இல்லை. முதலாளிக்கு எப்படிச் சொல்வது? தினமும் குளித்து, தேவாரம் பாடி, தன் கையால் வைக்கிற பொட்டு. என் முதுகைப் பற்றி அவர் சொல்லி நிமிஷம் ஆகவில்லை.

ஜெயக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்தார். அவர் அதை எடுத்து நான் கண்டது அன்றுதான்.

"முதலாளி, பிள்ளைக்குக் கண்ணைச் சுத்தி மை பூசலாம். கண்ணுக்குள்ளை பூசலாமோ?"

முதலாளி குனிந்து பார்த்தார். படத்தையும் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சால்வையை எடுத்து, மழை நீரில் நனைத்து, முழங்காலில் இருந்து, நாலையும் தானே துடைத்தார். ஒவ்வொன்றுக்கும் 'சிவசிவா' என்றார். அவசரப்படவில்லை. மாமா குடையை அவருக்கு மேலே பிடித்தார்.

"இப்ப விட்டுப் பாரும் தம்பி."

விட்டேன். வான் மதில்களுக்கு நடுவே, ஒரு சத்தமும் இல்லாமல், செம்பு வைத்தாலும் தளம்பாத மாதிரிப் பின்னுக்குப் போனது. பந்தல் காலுக்குக் கிட்டப் போனதும்தான் 'பீப் பீப்' என்றது. இந்த முறை அது சொன்னது உண்மை. பின் கதவைத் திறந்தோம். பலகைகள் முழங்கால் உயரத்திலிருந்து நேரே பந்தலுக்குள் போயின. வீட்டு ஆட்களும் கை கொடுத்தார்கள். மாமா ஒரு அன்னத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார், சொண்டு பத்திரம் என்று ஜெயக்கா பின்னால் கத்திக்கொண்டு போனார். கடைசிப் பூச்சரத்தை அவர் முடியும்போது பொம்பிளை வாசலுக்கு வந்துவிட்டார். கலசம் ஏறியதும் ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார்.

நானும் முதலாளியும் வானுக்குப் பின்னால் ஒதுங்கினோம். அவருடைய சால்வை முழுக்கச் சந்தனமும் சேறும். அன்று நான் புத்தகம் வாசிக்கவில்லை.

"லொறியை வாங்க ஆள் பாரும்" என்றார்.

"மாதம் இன்னும் முடியேல்லை முதலாளி."

"பாத்தாச்சு." என் தோளில் கையை ஊன்றி மெல்லத் திரும்பினார். "எனக்கும் முழங்கால் இருக்குத்தானே."

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு வசனம் தொண்டை வரை வந்தது. நிறைய வாசிக்கிறவனுக்கு வருகிற மாதிரி, நீளமான வசனம். அது சரியாகத் தொடங்கவில்லை. அவர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, வானின் திறந்த பின் தட்டில் போய் இருந்துவிட்டார். பக்கத்தைத் தட்டிக் காட்டினார். நானும் போய் இருந்தேன். உள்ளே மேளம் கெட்டியாகக் கொட்டியது, தாலி ஏறுகிறது என்று அறிந்தோம். இருவரும் எழும்பாமலே கை கூப்பினோம். லொறித் தட்டில் இருந்தால் கால் தொங்கும். இதில் எங்கள் இருவருக்கும் கால் நிலத்தில் முட்டியது.